வாசகர் கேள்வி – பதில்: டிக்கெட் விலை ஏறினால் தீவில் என்ன நடக்கும்?

விமானக் கட்டண உயர்வும் பொருளாதார மந்தமும் ஒரே நேரத்தில் வந்தால், சுற்றுலாவை மட்டுமே நம்பியிருக்கும் தீவுகள் தாங்குமா என்று சென்ற மாதம் இப்பகுதியில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. துறைமுகத்தை ஒட்டி வாழ்பவர்களுக்குக் கடல் கடந்த ஊர்களின் வரவு செலவு அவ்வளவு தொலைவான செய்தி அல்ல என்பது அவற்றைப் படிக்கும்போதே தெரிந்தது.

கேள்வி: என் மகன் மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் சமையல் வேலை பார்க்கிறான். சம்பளத்தைக் குறைக்கவில்லை என்கிறான். ஆனால் வீட்டுக்கு அனுப்பும் பணம் குறைந்துவிட்டது. கச்சா எண்ணெய் விலை ஏறியதுதான் காரணமாம். சமையலறையில் நிற்கும் பையனுக்கும் எண்ணெய் விலைக்கும் என்ன சம்பந்தம்? – வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வதை நம்பலாம். மாலத்தீவு ரிசார்ட் ஊழியர்களின் வருமானம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று, ஒப்பந்தத்தில் எழுதியுள்ள அடிப்படைச் சம்பளம். மற்றொன்று, விருந்தினரின் பில்லில் பத்து சதவீதம் என்ற கணக்கில் சேர்க்கப்பட்டு, மாதந்தோறும் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் சர்வீஸ் சார்ஜ். அறைகள் நிறைந்திருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்த இரண்டாவது தொகை கணிசமாக இருக்கும். பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும் மாதத்தில், அதே எண்ணிக்கை ஊழியர்களுக்குப் பிரித்தால் கைக்கு வருவது சொற்பமே. சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் மாறாமல் இருக்க, அதன் கீழே உள்ள சர்வீஸ் சார்ஜ்தான் குறைந்திருக்கும்.

அறைகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதற்கு வருவோம். சாதாரண நாட்களிலேயே ஒரு விமான நிறுவனத்தின் செலவில் நான்கில் ஒரு பங்கு எரிபொருளுக்குப் போகிறது. எண்ணெய் விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிடும். ஐரோப்பாவிலிருந்து பத்து மணி நேரம் பறந்து வரவேண்டிய நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம், டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு, காரிலேயே போகக்கூடிய பக்கத்து நாட்டுக் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும். அதே நேரத்தில் அந்தக் குடும்பத் தலைவரின் வேலையும் ஆட்டம் கண்டிருந்தால், பக்கத்து நாட்டுக் கடற்கரையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் தள்ளிப்போட முடியாது. உல்லாசப் பயணத்தைத் தள்ளிப்போட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

இதோடு போவதில்லை. மாலத்தீவில் அநேகமாக ஒவ்வொரு ரிசார்ட்டும் ஒரு தனித் தீவு. மின்சாரம் பெரும்பாலும் அந்தந்தத் தீவின் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. குடிநீரைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கவும் அதே மின்சாரம்தான் வேண்டும். விமான நிலையத்திலிருந்து விருந்தினரை அழைத்துவரும் விரைவுப் படகும் கடல் விமானமும் எண்ணெயில் ஓடுபவை. உங்கள் மகன் நறுக்கும் வெங்காயம்கூட வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கியது. ஆகவே எண்ணெய் விலை ஏறும்போது, விருந்தினர் குறைவதும் விருந்தினர் ஒருவருக்கு ஆகும் செலவு கூடுவதும் சேர்ந்தே நடக்கின்றன. பாதி அறைகள் காலி என்பதற்காக ஜெனரேட்டரைப் பாதி நேரம் நிறுத்திவைக்க முடியாதல்லவா?

கேள்வி: டிக்கெட் விலை உயர்வு, பொருளாதார மந்தம் – இரண்டில் எது தீவுகளை அதிகம் பாதிக்கும்? டிராவல்ஸ் தொழிலில் இருப்பதால் கேட்கிறேன். – வாசகர், மண்ணடி

பதில்: இரண்டும் அடுத்தடுத்து வந்த ஓர் உதாரணம், அமெரிக்காவின் தீவு மாநிலமான ஹவாய். 2008-ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று, அந்தத் தீவுகளின் பழம்பெரும் நிறுவனமான அலோஹா ஏர்லைன்ஸ் பயணிகள் சேவையை நிறுத்தியது. அந்த வாரம் முடிவதற்குள், ஏப்ரல் 3 அன்று, அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து ஹவாய்க்குப் பறந்துகொண்டிருந்த ஏ.டி.ஏ. ஏர்லைன்ஸும் நின்றுபோனது. எரிபொருள் விலை இருவரையும் வாட்டிக்கொண்டிருந்தது. ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலர் வரை ஏறியது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து, மந்தம் உலகெங்கும் பரவியது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு விடை. மந்தத்தின் காரணமாக எண்ணெய் விலையும் சரிந்து, டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே போனது. டிக்கெட் விலை மட்டுமே தடையாக இருந்திருந்தால், 2009-இல் கூட்டம் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. 2007-இல் சுமார் 76 லட்சமாக இருந்த வருகை, 2008-இல் சுமார் 68 லட்சமாகவும், எண்ணெய் மலிந்த 2009-இல் சுமார் 65 லட்சமாகவும் இறங்கியது. கட்டண உயர்வு வாடிக்கையாளரை யோசிக்க வைக்கிறது. வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவரை வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது என்பதுதான் என் கணிப்பு. நின்றுபோன விமானச் சேவைகளுக்கு ஈடாக வேறு சேவைகள் வந்து சேரவும் காலம் பிடிக்கிறது.

அடி ஓட்டல்களோடு நிற்கவும் இல்லை. வரி வருவாய் சுருங்கியதால், 2009 அக்டோபர் முதல் ஹவாய் மாநிலம் தன் அரசுப் பள்ளிகளுக்குப் பல வெள்ளிக்கிழமைகள் சம்பளமில்லா விடுப்பு அறிவித்து மூடியது. சுற்றுலாவோடு நேரடித் தொடர்பே இல்லாத பள்ளி ஆசிரியரின் சம்பளமும், அவரிடம் படிக்கும் பிள்ளையின் பாடவேளையும் கடற்கரையில் காலியாகக் கிடந்த அறைகளோடு சேர்ந்து குறைந்தன. தீவுப் பொருளாதாரம் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த வெள்ளிக்கிழமைகளைத்தான்.

உங்கள் தொழிலுக்கு ஒரு குறிப்பு. வந்திறங்கியவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு தீவின் நிலையைக் கணிக்காதீர்கள். ஏழு இரவு தங்கியவர் நான்கு இரவோடு திரும்பினாலும், எண்ணிக்கையில் அவர் ஒருவர்தான். தங்கும் இரவுகளும், ஒருவர் ஒரு நாளில் செலவிடும் தொகையும் சேர்ந்துதான் உண்மையான கணக்கு. மந்த காலத்தில் அமைச்சர்கள் வந்தவர்களின் எண்ணிக்கையை மேடையில் சொல்வார்கள். ஓட்டல் முதலாளிகள் மற்ற இரண்டையும் நினைத்துத் தூக்கம் இழப்பார்கள்.

கேள்வி: நாணயத்தின் மதிப்பைக் குறைத்தால் வெளிநாட்டவருக்கு எல்லாம் மலிவாகிவிடுமே, அப்படிச் செய்து கூட்டத்தை வரவழைக்க முடியாதா? – கல்லூரி மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: மாலத்தீவு ரூஃபியா நெடுங்காலமாக டாலருக்கு 15.42 என்ற அளவிலேயே கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதை அவிழ்த்துவிட்டாலும், ரிசார்ட்டுகள் விலை சொல்வது டாலரில் என்பதால் விருந்தினருக்குப் பெரிய லாபம் இருக்காது. இறக்குமதி அரிசியை ரூஃபியாவில் வாங்கும் உள்ளூர்க்காரருக்குத்தான் சுமை கூடும். இலங்கையில் 2022-இல் ரூபாய் சரிந்தபோது வெளிநாட்டவருக்கு அந்நாடு மலிவாகத்தான் ஆனது. ஆனால் பெட்ரோலுக்கு வரிசையும் மணிக்கணக்கில் மின்வெட்டும் இருந்த நாட்டுக்கு யார் வருவார்? 2018-இல் 23 லட்சத்தைத் தாண்டிய வருகை, 2022-இல் சுமார் ஏழு லட்சமாகவே இருந்தது.

கேள்வி: சுற்றுலாப் பயணி வரவில்லை என்றால் என்ன? தீவில் இருப்பவர்களுக்குக் கடல் இருக்கிறதே, மீன் பிடித்துப் பிழைக்க மாட்டார்களா? – வாசகர், காசிமேடு

பதில்: மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வரும் கேள்வி என்பதால் கொஞ்சம் எச்சரிக்கையோடு பதில் சொல்கிறேன். மாலத்தீவில் முதல் ரிசார்ட் திறந்தது 1972-இல். அதுவரை அந்நாட்டைத் தாங்கியது சூரைமீன். அதைப் பதப்படுத்திக் காயவைத்த மாசிக் கருவாடு நம் கடலோர ஊர்களுக்குப் புதிதல்ல. இன்றும் அவர்கள் வலையில்லாமல் தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சூரையைப் பிடிக்கிறார்கள். ஆனால் இன்றைய மக்கள்தொகையையும் இன்றைய கடனையும் மீன் மட்டும் சுமக்காது. மேலும் படகுக்கும் டீசல்தான் வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஓட்டல் அறை என்பது ஐஸ் வைக்காத மீன் மாதிரி. இன்று ராத்திரிக்குள் போகவில்லை என்றால் அதன் இன்றைய விலை பூஜ்ஜியம். அந்த நட்டத்தை மறுநாள் பிடித்த சூரையால் ஈடுகட்டுவது கடினம்.

பழைய தொழில்கள் காத்துக்கொண்டும் இருப்பதில்லை. கரும்புக்குப் பேர்போன ஹவாயில் கடைசி சர்க்கரை ஆலை 2016 டிசம்பரில் மூடப்பட்டது. இதற்கு நேர்மாறாக, நம் தமிழர்கள் கணிசமாக வாழும் மொரிசியசு, கரும்பை முற்றிலும் கைவிடாமல், ஆயத்த ஆடையையும் வங்கி, நிதிச் சேவைகளையும் வளர்த்துக்கொண்டது. 2020-இல் கொரோனாவால் இரு நாடுகளும் எல்லைகளை மூடியபோது, மாலத்தீவின் பொருளாதாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. மொரிசியசு சுருங்கியது சுமார் 15 சதவீதம். அதுவும் பலத்த அடிதான். இருந்தாலும், சம்பளத்தில் ஒரு பகுதியை அரசே கொடுத்து ஊழியர்களை வேலையில் வைத்திருக்க அந்த அரசுக்கு முடிந்தது.

கேள்வி: விமானம் விலை ஏறினால் அந்தமானுக்குக் கப்பலில் போகலாமே? எங்கள் வீட்டு மாடியிலிருந்தே துறைமுகம் தெரியும். – வாசகி, ராயபுரம்

பதில்: போகலாம், ஆனால் அந்தமான் சுற்றுலாவைக் கப்பல் காப்பாற்றாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) போய்ச் சேர ஏறத்தாழ 60 மணி நேரம் ஆகிறது. அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு வாங்கியவருக்கு, போக வர அதுவே சரியாகிவிடும். கப்பலும் தினசரி இல்லை. அது தீவுவாசிகளுக்காக அரசு நடத்தும் சேவை. சிகிச்சைக்கும் படிப்புக்கும் சென்னை வருபவர்கள் அதை நம்பியிருக்கிறார்கள். விமானம் கட்டுப்படியாகாத சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் கப்பலின் மலிவான படுக்கை வகுப்பான பங்க் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றால், இடிபடுவது தீவுவாசிகள்தான்.

அந்தமானில் சமைக்கும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் இந்தத் துறைமுகத்திலிருந்தும் போகின்றன. சரக்குக் கட்டணம் உயர்ந்தால், ஹேவ்லாக் தீவில் சிற்றுண்டிக் கடை நடத்துபவர் தோசைக்கு விலை ஏற்றவேண்டும். ஏற்றினால், ஏற்கெனவே டிக்கெட்டுக்கே பையைக் காலிசெய்துவிட்டு வந்த பயணி அந்தத் தோசையையும் யோசித்துத்தான் சாப்பிடுவார்.

கேள்வி: ராமேஸ்வரமும் தீவுதானே? – வாசகர், வியாசர்பாடி

பதில்: தீவுதான், ஆனால் பாலம் இருக்கிறது. பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் நின்றுபோய், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை ரயில்கள் ராமநாதபுரம், மண்டபத்தோடு நின்றன. பக்தர்கள் அங்கிருந்து பேருந்து பிடித்து, சாலைப் பாலம் வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆடி அமாவாசைத் தர்ப்பணத்தை விலைவாசி குறையட்டும் என்று யாரும் ஒத்திப்போடுவதில்லை. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் தங்காமல் அன்றே திரும்பிவிடுவார்கள். அந்த அளவில் விடுதிக்காரர்களுக்கு நட்டம் உண்டு.

கேள்வி: மந்தம் வந்தால் ரிசார்ட் விலை குறையும் என்கிறார்கள். குடும்பத்தோடு மாலத்தீவு போக ஆசை. காத்திருக்கலாமா? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: அறை வாடகை குறையலாம், டிக்கெட் அதோடு குறையும் என்று எண்ணாதீர்கள். கூட்டம் குறைந்தால் விமான நிறுவனங்கள் விலையைக் குறைப்பதைவிடப் பறப்பு எண்ணிக்கையைக் குறைக்கவே விரும்பும். உங்கள் பட்ஜெட்டுக்கு ரிசார்ட்டைவிட, மாஃபூஷி போன்ற உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லங்கள் பொருத்தமானவை. அங்கே மது கிடையாது. குளிப்பதற்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்த ஊர்க்காரர்களுக்கே போகும் என்பதால், மந்த காலத்தில் நானும் அதையே பரிந்துரைப்பேன்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சுற்றுலாவுக்கான சரக்கு சேவை வரி அங்கே 2025 ஜூலை முதல் 17 சதவீதம். இணையத்தில் காட்டும் வாடகையில் அந்த வரியும், சர்வீஸ் சார்ஜும், ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று வாங்கும் பசுமை வரியும், விமான நிலையத்திலிருந்து படகில் அழைத்துப்போகும் கட்டணமும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் அனுப்புங்கள்.