வாசலில் நிற்பவரிடம் ஊசி பேசாதீர்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “என் ஒன்பது வயது மகனுக்கு ரத்தம் எளிதில் உறையாத நோயான ஹீமோஃபீலியா ஏ, கடுமையாக இருக்கிறது. மாதம் ஒருமுறை போடும் புதிய ஊசி வந்துவிட்டது, இனி ஃபேக்டரே வேண்டாம் என்று மருத்துவமனை வாசலில் ஒருவர் சொல்கிறார். சோதனைத் திட்டத்தில் சேர்த்துவிட முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?”

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. ஊசி உண்மைதான். எமிசிசுமாப் என்று பெயர். 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் ஒன்று ஃபேக்டர் 8. பையனுக்குக் குறைவாக உள்ள அதன் வேலையை இது செய்கிறது. நரம்பு தேட வேண்டாம், தோலுக்கடியில் போட்டால் போதும். ஆனால் ரத்தக் கசிவு வராமல் காப்பதுதான் இதன் வேலை. விழுந்து முட்டி வீங்கினாலோ தலையில் அடிபட்டாலோ ஃபேக்டர்தான் ஏற்ற வேண்டும்.

சோதனைத் திட்டத்தில் சேர்பவரிடம் மருந்துக்குப் பணம் வாங்க மாட்டார்கள். கேட்டாலே ஆள் தரகர். அடுத்து ‘வேலூரில் மரபணு சிகிச்சை’ என்பார். சி.எம்.சி.யில் ஐந்து பேருக்குச் செய்து பலன் கண்டது 2024 டிசம்பரில் வெளியானது, ஐவரும் பெரியவர்கள். குப்பியையே நீட்டினாலும் மயங்காதீர்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து, எண்ணூர் வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் எத்தனை நாள் வெந்ததோ!

மருத்துவரே இதைத் தொடங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். ஏ.பி.டி.டி. என்ற ரத்தம் உறையும் சோதனையில் ‘நார்மல்’ என்று வரும். நோய் போய்விடவில்லை, ஊசி அந்தச் சோதனையை ஏமாற்றுகிறது. நிறுத்தி ஆறு மாதம்வரைகூட ஏமாற்றலாம். அந்தத் தாளை நம்பித் தெருமுனைப் பல் மருத்துவர் பல்லைப் பிடுங்கினால் விடிய விடிய ரத்தம் வடியும். பல், ஆபரேஷன் எதுவானாலும் ஊசியின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

மாதக் கடைசியில் ‘ஃபேக்டர் ஸ்டாக் இல்லை, திங்கள்கிழமை வாருங்கள்’ என்று திருப்பியனுப்பிய இடத்தில் நானும் பணியாற்றியிருக்கிறேன். மூட்டுக்குள் கசியும் ரத்தத்துக்குக் கிழமை தெரியுமா? கசியுமுன் போடுங்கள் என்கிறது உலக வழிகாட்டுதல். நாம் வீங்கிய பிறகு டோக்கன் கொடுக்கிறோம். அப்புறம் வாசலில் தரகர் நிற்காமல் என்ன செய்வார்?

எந்த மூட்டு எந்தத் தேதியில் வீங்கியது என்று நோட்டில் எழுதி ரத்தவியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்ஹிபிட்டர், அதாவது ஏற்றும் ஃபேக்டரை முடக்க உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள், இருக்கிறதா என்ற சோதனையை எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள். அது இருந்தால் வழக்கமான ஃபேக்டர் பிடிக்காது, கசிவுக்கு வேறு மருந்து வேண்டும். புதிய ஊசிக்கு எழுதித்தர முடியுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.