பொய்க்கும் புளுகுக்கும் ஆங்கிலத்தில் என்ன மரபுத்தொடர்கள்?

பொய் சொல்வதையும் மிகைப்படுத்துவதையும் ஆங்கிலத்தில் எப்படி நயமாகச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்பின் எ யார்ன்'. யார்ன் என்றால் நூல். கப்பல் மாலுமிகளின் கொச்சைப் பேச்சாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. நாமும் 'சரடு விடுகிறான்', 'கயிறு திரிக்கிறான்' என்கிறோமே, அதே நூல்தான்! இரண்டு மொழிகளும் இப்படி ஒரே படத்தைப் பிடித்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கூசாமல் பொய் சொன்னால் 'லையிங் த்ரூ யுவர் டீத்'. சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்கினால் 'மேக்கிங் எ மவுண்டன் அவுட் ஆஃப் எ மோல்ஹில்'.

அப்புறம், 'எகனாமிகல் வித் த ட்ரூத்'. உண்மையைச் சிக்கனமாகச் செலவழிப்பது, அதாவது பாதியை விழுங்கிவிடுவது. கருத்து பழையதே. ஆனால் 1986-இல் சிட்னி நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் சாட்சி சொல்லும்போது இதைப் பயன்படுத்தியபின்தான் எல்லோர் வாயிலும் புகுந்தது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. 'புல்லிங் யுவர் லெக்' என்பது விளையாட்டுக்குப் பொய் சொல்லி ஏமாற்றுவது. நம் 'காலை வாருவது' பெரும்பாலும் துரோகம். நேராக மொழிபெயர்த்தால் நட்பே கெட்டுவிடும்.