எண்ணெய்க் கிணற்று வேலையை நம்பி மகனைப் படிக்க வைக்கலாமா?

வணக்கம் அண்ணே. மகனைப் பெட்ரோலியம் இன்ஜினியரிங் சேர்க்கச் சொல்கிறார்கள், லட்சக்கணக்கில் கேட்கிறார்கள், படகின் மேல் கடன் வாங்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். வாங்க வேண்டாம். பையனுக்கு ஆசை இருந்தால் அந்தத் துறைக்குள் நுழையச் செலவு குறைந்த வழிகள் உண்டு. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும்.

உங்கள் விசைப்படகில் ஒலியை அனுப்பி ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் இருக்கும். எண்ணெய் தேடும் கப்பலும் அதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது. அழுத்திய காற்றைத் தண்ணீருக்குள் திடீரென்று விடுவார்கள். அந்த அதிர்வு கடல்தரையையும் தாண்டிப் பாறைகளுக்குள் போய், ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். கப்பலுக்குப் பின்னால் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இழுபடும் கேபிள்கள் அதைப் பதிவு செய்யும். (சர்வே நடக்கும்போது நம் படகுகளை விலகிப் போகச் சொல்வது அந்தக் கேபிளுக்காகத்தான். வலை சிக்கினால் இரண்டு பக்கமும் நஷ்டம்.) பிறகு மாதக்கணக்கில் கம்ப்யூட்டர் வேலை. அதில் எண்ணெய் தெரியாது. எண்ணெய் தங்கக்கூடிய பாறை அமைப்பு மட்டும் தெரியும். மணற்கல், சுண்ணாம்புக்கல்லின் நுண்துளைகளுக்குள் எண்ணெய் ஊறிக் கிடக்கும். மேலே கசிவு விடாத பாறை மூடியிருந்தால்தான் அங்கேயே நிற்கும். உண்டா இல்லையா என்பது துளை போட்டால்தான் தெரியும். ஒன்றும் இல்லாமல் மூடிவிட்டுப் போகும் கிணறுகள் ஏராளம்.

ஆழம் குறைந்த கடலில், கால்களைத் தரையில் ஊன்றி நிற்கும் ஜாக்-அப் ரிக் (துளையிடும் மேடை) துளை போடும். ஆழ்கடலில் கப்பலே போடும். சுமார் 30 அடி நீளக் குழாய்களை ஒன்றோடொன்று முறுக்கி இறக்கிக்கொண்டே போவார்கள். குழாய்க்குள் ஒரு கனமான சேற்றுக் கலவை ஓடிக்கொண்டே இருக்கும். துளை முனையைக் குளிர்விப்பதும், உடைந்த பாறைத்தூளை மேலே கொண்டுவருவதும், கீழிருந்து எகிறும் வாயுவைத் தன் எடையால் அமுக்கி வைப்பதும் அந்தச் சேறுதான். அதனால் ரிக்கில் ஒரு ஆள் சேற்றுத் தொட்டியின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். விட்ட அளவைவிடத் திரும்பி வரும் சேறு கூடினால், கீழே வாயு உள்ளே நுழைகிறது என்று அர்த்தம். உடனே கிணற்றின் வாயில் உள்ள ராட்சத வால்வை மூட வேண்டும். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக் வெடித்து 11 பேர் இறந்ததற்கு, அழுத்தச் சோதனையைத் தவறாகப் புரிந்துகொண்டதும் வாயு நுழைவதைக் காலத்தில் கவனிக்காததும் முக்கியக் காரணங்கள்.

எண்ணெய் கிடைத்துவிட்டால் வேலையின் முகமே மாறிவிடும். மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டரில் உள்ள பாம்பே ஹை எண்ணெய் வயலில் 1974-இல் சாகர் சாம்ராட் ரிக் எண்ணெய் கண்டது. 1976-இல் உற்பத்தி தொடங்கி இன்றும் நடக்கிறது. நிலையான மேடைகளில் எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றையும் பிரித்துக் குழாய் வழியே கரைக்கு அனுப்புகிறார்கள். அழுத்தம் குறையக் குறையப் பாறைக்குள் தண்ணீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுகிறார்கள்.

இங்கேதான் உங்கள் முடிவு இருக்கிறது. துளை போடும் கூட்டம் சில மாதத்தில் ரிக்கோடு அடுத்த இடம் போய்விடும். எண்ணெய் விலை சரிந்தால் முதலில் நிற்பதும் அந்த வேலைதான். உற்பத்தி மேடை பல பத்தாண்டுகள் ஓடும். அங்கே தேவைப்படுவது மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் (அழுத்தம், வெப்பம் அளக்கும் கருவிகளைப் பார்க்கும் வேலை) ஆட்கள். அதே ஆளை அனல் மின் நிலையமும் உரத் தொழிற்சாலையும் நம் ராமநாதபுரம் மாவட்டத்து வழுதூர் எரிவாயு மின் நிலையமும் எடுக்கும். பெட்ரோலியம் பட்டத்துக்கு அத்தனை கதவு கிடையாது. தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தால் கதை வேறு, கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்.

பையன் கணக்கிலும் இயற்பியலிலும் கெட்டி என்றால் எனக்குப் பிடித்த வழி இன்னொன்று: பி.எஸ்சி. ஜியாலஜி (நிலவியல்). திருச்சி தேசியக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் இருக்கிறது, செலவும் குறைவு. பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. அந்தப் படிப்போடு நிலத்தடி நீர்த் துறை, சுரங்கத் துறை எல்லாம் திறந்திருக்கும்.

நம் கடலிலேயே வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. நம் மாவட்டத்தில் அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. வாயு எடுப்பது நிலத்தில்தான். அதிலும் 20 சோதனைக் கிணறுகளுக்கு அனுமதி கிடைத்த செய்தி 2025-இல் வந்தபோது எழுந்த எதிர்ப்பை நீங்களே பார்த்தீர்கள். மகன் அந்த வேலைக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்ற உங்கள் கவலையும் நியாயமானதுதான். அதை அவனிடமே மனம் விட்டுப் பேசுங்கள். இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன் எண்ணெய்க்குத்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நம் பக்கம் பேசப்படும் கடல் காற்றாலைக்கும் அந்தப் படிப்பு உதவும்.

ஆபத்தை மறைக்க மாட்டேன். 2021 மே மாதம் டவ்-தே புயலில் மும்பைக்கு அப்பால் பி-305 என்ற, எண்ணெய் வயல் தொழிலாளர்கள் தங்கும் பணிப்படகு மூழ்கியது. அந்தப் புயலில் கடலில் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள், பலர் ஒப்பந்த ஆட்கள். யாருடைய ஒப்பந்தம், காப்பீடு யார் பெயரில், புயல் எச்சரிக்கை வந்தால் கரைக்குக் கொண்டுவரும் பொறுப்பு யாருக்கு என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டும். மேடைக்கு ஹெலிகாப்டரில் போக வேண்டியிருப்பதால், அது கடலில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சியும் உண்டு: சீட் பெல்ட் போட்டபடி கூண்டோடு குளத்துக்குள் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள், ஜன்னலைத் தள்ளி வெளியே வர வேண்டும். நம் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்பதால் பயம் குறையும், ஆனால் நீச்சல் மட்டும் போதாது.

இப்போதைக்கு இரண்டு வேலை செய்யுங்கள். ஒரு கண் டாக்டரிடம் நிறப் பார்வையைச் சோதித்து விடுங்கள். அதில் குறை இருந்தால் எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் பக்கம் போவதற்கு முன்னால் தெரிந்துவிடும். வளைகுடா நாடுகளில் ரிக் வேலை என்று ஏஜென்ட் யாராவது வந்தால், வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும் தவிர ஒரு பைசா கூடுதலாக வாங்க அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை.