இரவில் அடித்து, விடியற்காலையில் விட்டுவிட்டார்கள். 'இங்கே வரவே இல்லை' என்கிறார்கள்

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. நாங்கள் ஆதிதிராவிடர். முந்தாநாள் இரவு டீக்கடை வாசலில் மூன்று நண்பர்களோடு நின்றிருந்தவனை பைக் திருட்டு விசாரணை என்று போலீசார் நிறுத்தினார்கள். ஒவ்வொருவரிடமும் 'எந்தத் தெரு?' என்று கேட்டு, இவனை மட்டும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். சாதியைச் சொல்லித் திட்டி, முதுகிலும் உள்ளங்காலிலும் லத்தியால் அடித்து, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். இப்போது கேட்டால், அப்படி யாரும் வரவே இல்லையாம். என்ன செய்வது?

பதில்: புகார் எழுத உட்காருவதற்கு முன் தம்பியை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். இன்றே. பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர். என்பார்கள்) எழுதும் இரண்டு வரிதான் இந்த வழக்கின் அஸ்திவாரம். 'காயம் எப்படி?' என்று அவர் கேட்கையில், பயத்தில் 'கீழே விழுந்துட்டேன்' என்று சொல்லி வழக்கை அங்கேயே முடித்துக்கொள்பவர்கள் ஏராளம். தேதி, நேரம், எந்தக் காவல் நிலையம், எதைக் கொண்டு அடித்தார்கள் என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்து, நகல் கேளுங்கள்.

கழிப்பறையில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வெளியே வரும் கைதிகளின் படம் நம் ஊரில் புதிதில்லை. ஆனால் வழுக்கி விழுந்தவனுக்கு இரண்டு உள்ளங்காலும் வீங்காது. லத்தி அடி விழுந்த இடத்தில் நடுவே தோல் வெளிறி, இருபுறமும் தண்டவாளம் போல இரண்டு சிவந்த கோடுகள் நிற்கும். சில நாளில் அவை பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறைந்துவிடும். அதனால் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, தினமும் படம் எடுங்கள். முகமும் காயமும் சேர்ந்து தெரியும் படம் ஒன்றாவது வேண்டும். எடுத்த போனை விற்கவோ, ரீசெட் செய்யவோ கூடாது. பின்னால் புதிய சாட்சிய சட்டம் (பி.எஸ்.ஏ.) பிரிவு 63-இன் கீழ் சான்றிதழோடு தாக்கல் செய்ய அந்தப் போன் வேண்டும்.

அடுத்தது கேமரா. காவல் நிலையத்தின் நுழைவாயில், வராண்டா, லாக்கப் எல்லாவற்றிலும் சிசிடிவி வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவை நம்பிக் காத்திருக்காதீர்கள். அதே ஆண்டு சாத்தான்குளம் காவல் நிலையத்தில், ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் பதிவு செய்தார். எஸ்.பி.க்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்தத் தேதி, இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை உள்ள பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும். முன்பு தந்தி கொடுக்கச் சொல்வோம். அந்த வேலையை இப்போது மின்னஞ்சல் செய்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியதையும் அதிலேயே எழுதுங்கள். அடுத்த வாரம் அந்தத் தாளில் ஒரு 'வாக்குமூலம்' முளைத்தால், உங்கள் மின்னஞ்சலின் தேதி முந்தியிருக்கும். டீக்கடையிலும் எதிர்க்கடையிலும் கேமரா இருந்தால் உடனே நகல் வாங்குங்கள்; பல கடைகளில் சில நாட்களிலேயே பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

புகாரில் பலரும் சறுக்குவது சாதி வசை பற்றிய பகுதியில். 'சாதியைச் சொல்லித் திட்டினார்கள்' என்று எழுதினால் போதாது. சொன்ன வார்த்தைகளை அப்படியே, கூச்சப்படாமல், யார் சொன்னது என்பதோடு எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(ஆர்), (எஸ்) இரண்டுக்கும் அது பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும். லாக்கப்புக்குள் திட்டியதை வைத்து மட்டும் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு அங்கேதான் உடைக்கும். ஆகவே டீக்கடை வாசலில் என்ன சொன்னார்கள், யார் யார் கேட்டார்கள், ஸ்டேஷனில் வேறு மனுதாரர்கள் உட்கார்ந்திருந்தார்களா என்பதைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள். 'எந்தத் தெரு?' என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். சாதி தெரிந்தே இவனைப் பொறுக்கினார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. விட்டுவிடப்பட்ட மூன்று நண்பர்களும் அதற்குச் சாட்சிகள். நடக்காததை ஒரு வரி சேர்த்தாலும் நடந்ததெல்லாம் சந்தேகத்துக்குள் போய்விடும்.

அடித்து உண்மையை வரவழைக்கப் பார்த்தது பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) பிரிவு 120-இன்படி குற்றம், ஏழாண்டு வரை தண்டனை. புகாரை வேறு காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். மின்னஞ்சலில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு விரைவு அஞ்சல். அதற்கும் பதில் இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு நீதிமன்றம். எஸ்.பி.க்கு அனுப்பிய அத்தாட்சி இல்லாமல் நேரே போனால் மனு திரும்பும். வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கைக்கு முன் 'பூர்வாங்க விசாரணை' தேவையில்லை என்று பிரிவு 18ஏ சொல்கிறது. புலனாய்வு டி.எஸ்.பி. அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியிடம்தான் இருக்க வேண்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் தனியே மனுப் போடுங்கள். சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டினால் எடுக்கமாட்டார்கள்.

'அரசு ஊழியர் மேல் வழக்கா? அரசின் முன் அனுமதி எங்கே?' என்று கேட்பார்கள். அந்த அனுமதி கடமையின்போது செய்ததற்குத்தான். உங்கள் வழக்கில் அது அவர்களுக்கே இடறும். தம்பி ஸ்டேஷனுக்கு வரவே இல்லை என்று சொன்னவர்கள், கடமையின்போது நடந்தது என்று மாற்றிச் சொல்ல முடியாது. அவர்கள் 'வரவில்லை' என்று சொன்னதை எழுத்தில் வாங்கப் பாருங்கள், ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு ஒன்றே போதும்.

வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

சமாதானம் பேச ஆள் வரும். 'சும்மா ஒரு விசாரணை, தம்பியை அனுப்புங்க' என்று போன் வரும். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 35(3)-இல் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுங்கள், வக்கீலோடு வருகிறோம் என்று சொல்லுங்கள். வாயால் கூப்பிட்டால் தம்பியைத் தனியாக அனுப்பாதீர்கள். கூப்பிட்ட எண்ணையும் நேரத்தையும் மட்டும் குறித்து வையுங்கள்.