பூங்காவில் ஆவாரம் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பூங்காவில் ஒரு மூலை சும்மா கிடக்கிறது. தேனீ, வண்ணத்துப்பூச்சி வரும்படி நாட்டுச் செடிகள் வைக்கலாம் என்றேன். "காடாகிவிடும், தேனீ கொட்டும், காகிதப்பூ போதும்" என்கிறார்கள் சங்கத்தில். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- வாசகி, சரவணம்பட்டி, கோவை

பதில்: தேனீக்கள் அழிகின்றன என்று கூட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள் அம்மா, பொங்கலில் ஆரம்பியுங்கள். காப்புக்கட்டுக்கு ஆவாரம்பூவும் பூளைப்பூவும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்? நம் பூங்காவிலேயே பறிக்கலாம் என்றால் பெரியவர்கள் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். வரும் பொங்கலுக்கே கிடைக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், ஆவாரம் பூக்க நாள் பிடிக்கும். பூளை பிடுங்காமல் விட்டாலே முளைக்கும்.

அப்புறம், மாடியில் கத்தரி வைத்திருப்பவர்களைப் பிடியுங்கள். கத்தரிப்பூவின் மகரந்தம் சின்னக் குழாய்களுக்குள் அடைந்திருக்கும். நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். தேன்கூட்டுத் தேனீக்கு அதை உதிர்க்கத் தெரியாது. கருவண்டு என்கிறோமே, அதுவும் தேனீ இனம்தான். என் தோட்டத்தில் அது பூவைக் கட்டிப்பிடித்து 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவிடும். மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டும். ஆவாரம்பூவும் இதே வகை. ஆவாரத்தைத் தேடி வரும் வண்டு பக்கத்து மாடிக் கத்தரிக்கும் போகும். ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டும் கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. கூடு குடைய அதற்குக் காய்ந்த மரக்கட்டை ஒன்றைப் போட்டுவையுங்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் மட்டும் போதாது. முட்டையிட எருக்கு, எலுமிச்சை, கறிவேப்பிலை வேண்டும். கறிவேப்பிலையில் காக்கை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள், அது புழு. இலையைத் தின்னட்டும், செடி மறுபடி துளிர்க்கும். உண்ணிச்செடி மட்டும் வேண்டாம். வண்ணத்துப்பூச்சி மொய்க்கும்தான், ஆனால் எங்கிருந்தோ வந்து நீலகிரிக் காடுகளை மூடிக்கொண்டிருக்கிற செடி அது.

காடாகிவிடும் என்பவர்களுக்காக ஓரத்தில் செங்கல் பதித்து, நடக்கப் பாதை விடுங்கள். ஆவாரம் விதையின் தோல் கெட்டி. வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து ஆவணியில் விதைத்தால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். தோட்ட வேலை பார்ப்பவரிடம் நீங்களே நேரில் பேசிவிடுங்கள். அவருக்குத் தும்பை என்றால் களை, புழு என்றால் மருந்து.