டெல்லியில் கையைக் கடிக்காமல் சாப்பிட

தம்பி, நீங்கள் கேட்டதைப் படித்ததும் என் முதல் மாதம் நினைவுக்கு வந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்து ஐந்து வாரம், முனிர்காவில் அறை, நேரு பிளேஸில் வேலை, சமைக்க வசதியில்லை, தோசை தேடித் தேடியே பணம் கரைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் 2004 ஜனவரியில் திண்டுக்கல்லிலிருந்து வந்தவள். முதல் பத்து நாள் பிஸ்கட்டும் டீயுமாகவே ஓட்டினேன். அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம்.

முதலில் தோசையை விடுங்கள். ஊரில் இட்லி மலிவாகக் கிடைக்கிறதென்றால், ஊரே அதைச் சாப்பிடுகிறது, மாவு தேங்குவதில்லை. இங்கே தோசை ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ச் சாப்பிடும் பண்டம். விலையும் அப்படித்தான். டெல்லிக்காரன் தினமும் சாப்பிடுவது எதுவோ அதுதான் இங்கே மலிவு, அதுதான் சுடச்சுட இருக்கும்.

மதியத்துக்கு நீங்கள் எங்கும் போகவே வேண்டாம். நேரு பிளேஸில் அலுவலகக் கட்டடங்களைச் சுற்றி நிற்கும் தள்ளுவண்டிகளைப் பாருங்கள். பெரிய பாத்திரத்தில் ராஜ்மா, அதாவது சிவப்புப் பீன்ஸ் குழம்பு, கொதித்துக்கொண்டிருக்கும். தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் கரண்டியால் ஒரு குழி பறித்து, அதில் ராஜ்மாவை ஊற்றுவார்கள். மேலே நறுக்கிய வெங்காயம், ஓரத்தில் பச்சை மிளகாய், கொஞ்சம் பச்சைச் சட்னி. நின்றபடியே சாப்பிட வேண்டியதுதான். நான் முதன்முதலில் சாப்பிட்டபோது காரமும் புளிப்பும் போதவில்லை என்று முகம் சுளித்தேன். வண்டிக்காரர் பார்த்துவிட்டு, கேட்காமலே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, இன்னொரு மிளகாயும் வைத்தார். அன்றைக்குத்தான் இந்த ஊரில் வயிறு நிறையச் சாப்பிட்டேன். 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அதே வண்டியில் கடி சாவல் இருந்தால் விடாதீர்கள். தயிரில் கடலை மாவு கரைத்துக் கொதிக்கவைத்து, பக்கோடா போட்டது. நம் மோர்க்குழம்புக்குப் பெரியம்மா மகள் என்றே சொல்லலாம். வீட்டு நினைப்பு வரும் நாளில் எனக்கு இன்றும் அதுதான் மருந்து. எந்த வண்டி என்று கேட்டால், அலுவலகக் காவலாளிகளும் ஆட்டோக்காரர்களும் எங்கே கூட்டமாக நிற்கிறார்களோ அங்கே. 1 மணிக்கு முன்னால் போய்விடுங்கள், தாமதித்தால் அடிப்பாத்திரம்தான்.

இரவுக்கு முனிர்காவிலேயே தாபாக்கள் இருக்கின்றன. கண்ணெதிரே தந்தூர் அடுப்பில் ரொட்டி போடும் கடையாகப் பாருங்கள். பருப்பு ஆஃப் பிளேட் சொன்னால் ஒருவருக்குத் தாராளம். ரொட்டி ஒன்றிரண்டாகச் சொல்லி வாங்குங்கள், ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும். வெண்ணெய் வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் வடகிழக்குப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதால் மோமோவும் நன்றாக இருக்கும்.

சோறு, ரசம், பொடி என்று மனம் அடம்பிடிக்கும் நாளுக்கு ஆந்திர பவன் கேன்டீன். இந்தியா கேட் பக்கம், அசோகா சாலையில் இருக்கிறது. டோக்கன் வாங்கி, இடம் பிடித்து உட்கார்ந்தால் போட்டுக்கொண்டே இருப்பார்கள். பப்பு என்கிற ஆந்திரப் பருப்பு, சாம்பார், ரசம், தயிர், மேசையிலேயே பொடியும் ஊறுகாயும். அளவில்லாச் சாப்பாடு. ஞாயிறு மதியம் பிரியாணிக்கு வரிசை நீளும், பொறுமை வேண்டும். ஞாயிறு காலை என்றால் ராமகிருஷ்ணாபுரம் மலை மந்திரில் முருகனைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் அறைக்குப் பக்கம்தான், காதில் தமிழும் விழும்.

சோலே பட்டூரே பற்றி ஒரு வார்த்தை. கொண்டைக்கடலைக் குழம்போடு எண்ணெயில் பொரித்த பெரிய பூரி அது. பஹாட்கஞ்ச் சீதாராம் திவான் சந்த் கடையில் ஒருமுறை சாப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் அதைத் தினசரி உணவாக்காதீர்கள். நான் முதல் கோடையில் ருசி கண்டு தினமும் சாப்பிட்டு, நான்கு நாள் படுத்தேன். மே முதல் மழைக்காலம் முடியும்வரை வெட்டி வைத்த பழம், தெருத் தண்ணீர், பச்சைச் சட்னி மூன்றையும் தொடாதீர்கள். அந்த மாதங்களில் எலுமிச்சம்பழம் போதும். தாகத்துக்குப் பாக்கெட் மோர் வாங்குங்கள். நவராத்திரி ஒன்பது நாளும் பல கடைகளில் வெங்காயம் பூண்டு இருக்காது, அசைவக் கடை சில மூடியிருக்கும், பதறாதீர்கள்.

மாதக் கடைசியில் பையில் ஒன்றுமில்லாமல் போனால் பசியோடு அறையில் படுக்க வேண்டாம். கன்னாட் பிளேஸ் பக்கத்தில் பங்ளா சாஹிப் குருத்வாரா என்ற சீக்கியர் கோயில் இருக்கிறது. செருப்பைக் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் தலையை மூடிக்கொண்டு, லங்கர் என்கிற பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் பந்தியில் தரையில் உட்காருங்கள். ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்க வேண்டும். தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. காசு யாரும் கேட்க மாட்டார்கள், நீ யார் என்றும் கேட்க மாட்டார்கள். நான் 2005இல் சம்பளம் தள்ளிப்போன ஒரு வாரம் மூன்று இரவு அங்கே சாப்பிட்டேன். மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்து, சப்பாத்தி தேய்க்கிற பெண்களோடு போய் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பாட்டியம்மா என் கையைப் பிடித்து, வட்டமாகத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். இன்றும் வருஷத்தில் சில நாள் போய்த் தேய்க்கிறேன்.

இந்தி வரவில்லையே என்று தயங்க வேண்டாம். "பையா, சாவல் தோடா அவுர்" என்று சொல்லிப் பழகுங்கள். அண்ணா, சோறு இன்னும் கொஞ்சம். நாளை மதியமே வண்டியில் சொல்லிப் பாருங்கள், தம்பி.