அடிதடியும் போதையும் ஒரே வேரா? கேள்வி பதில்

கேள்வி: "புறவெளிப்பாட்டு நடத்தை" என்பது முன்கோபத்துக்கு இன்னொரு பெயரா?

பதில்: இல்லை. மன நெருக்கடியை அச்சமாகவும் சோர்வாகவும் தமக்குள்ளேயே வைத்துப் புழுங்குபவர்கள் ஒரு சாரார் என்றால், அடிதடி, பொய், திருட்டு, போதை எனப் பிறர்மீதும் விதிகள்மீதும் மோதுபவர்கள் மறுசாரார். இந்த மறுசாராரின் போக்குதான் புறவெளிப்பாட்டு நடத்தை. குழந்தைகளின் நடத்தைக் குறிகளைத் தொகுத்து ஆராய்ந்து, 1966இல் இவ்விரு கொத்துகளையும் பிரித்துக் காட்டியவர் உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக். ஒரே ஆளிடம் இரண்டும் சேர்ந்திருப்பதும் அரிதன்று.

கேள்வி: பள்ளி நாள்களில் ஓயாமல் சண்டைபோட்ட என் தம்பி இப்போது குடிக்கிறான். தொடர்பு உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. ராபர்ட் க்ரூகரும் குழுவினரும் இரட்டைப் பிறவிகளை ஒப்பிட்டு 2002இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விரண்டுக்கும் அடியில் தன்கட்டுப்பாட்டுக் குறைவு என்ற ஒரு பொது நாட்டம் இருப்பதையும், அதில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபுவழிப்பட்டது என்பதையும் காட்டியது. தம்பியின் குடியில் 80 விழுக்காடு மரபணுவின் வேலை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அந்த எண் மக்கள்திரளுக்கு உரியது, தனி மனிதருக்கு அன்று.

கேள்வி: என் ஒன்பது வயது மகன் எதைச் சொன்னாலும் கத்துகிறான். கண்டிப்புப் போதவில்லையா?

பதில்: கண்டிப்பின் அளவைவிட அது முடியும் இடத்தைப் பாருங்கள். "கைபேசியை வை" என்கிறீர்கள், கத்துகிறான். நீங்கள் குரலை உயர்த்த, அவன் புத்தகத்தை வீசியெறிகிறான். அலுத்துப்போய், "சரி, பத்து நிமிடம்தான்" என்கிறீர்கள், வீடு அமைதியாகிறது. கத்தினால் காரியம் நடக்கும் என்று அவனும், விட்டுக்கொடுத்தால் நிம்மதி கிடைக்கும் என்று நீங்களும் ஒரே நொடியில் கற்றுக்கொண்டீர்கள். ஜெரால்ட் பேட்டர்சன் வீடுகளுக்கே சென்று கவனித்து விவரித்த வற்புறுத்தல் சுழல் இதுதான். பத்து நிமிடம் தருவதானால் அவன் கத்துமுன் தந்துவிடுங்கள்; மறுத்த பின் மாறாதீர்கள்; சொன்னவுடன் வைத்த நாளில் அதைக் கவனித்துப் பாராட்டுங்கள். முதல் சில நாள்கள் கத்தல் கூடும். பலரும் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

கேள்வி: தலையணையைக் குத்தினால் கோபம் தணியுமா?

பதில்: தணியாது. பிராட் புஷ்மன் 2002இல் நடத்திய சோதனையில், தம்மைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள்தாம், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு எழுந்தார்கள்.

கேள்வி: பதினைந்து வயது மகள் திடீரென விதிகளை மீறுகிறாள். வளர்ந்தால் சரியாகுமா?

பதில்: பதின்ம வயதில் தலைகாட்டிப் பின்னர் ஓய்ந்துபோவது ஒரு வகை, சிறுவயதிலேயே தொடங்கி நிலைப்பது மற்றொன்று என டெரி மொஃபிட் 1993இல் பிரித்தார். இடையில் போதைப் பழக்கமோ நீதிமன்ற வழக்கோ சிக்கவைத்தால், ஓய வேண்டியதும் ஓயாமல் நீளக்கூடும் என்பதால் வாளாவிருக்க வேண்டாம். உளவியலாளரிடம் சென்றால், இது எந்த வகை என்று அறிய அவளுடைய சிறுவயது நடத்தையைப் பற்றியும் அவர் கேட்கக்கூடும்; நினைவுபடுத்திக்கொண்டு செல்லுங்கள்.